பெயர் போடாத வரி

பல்லடம் வட்டம்
9 பிப்ரவரி 2025

சுரேந்தர் சாருக்கு,

முதலில், எழுதுவதற்கே மன்னித்துக்கொள்ளுங்கள். செப்டம்பரிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, வேலை என்று வந்ததும் எழுதுகிறாள் என்று நீங்கள் நினைக்கலாம். அது உண்மைதான். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக் விழுந்ததா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். போனில் என்றால் எனக்கு வாய் வராது. அதனால் மின்னஞ்சல். நீங்கள் படிக்காமல் விட்டாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

பேரூராட்சி அலுவலகத்தில் எல்லாம் பழையபடிதான். புரோகிராம் எழுத வந்த நாட்களில் நீங்கள் உட்கார்ந்த கை ஒடிந்த நாற்காலியில் இப்போது பிரிண்டர் பேப்பர் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. நாம் செய்த தண்ணீர் அழைப்புப் புரோகிராம் நிற்காமல் ஓடுகிறது. ஆறுச்சாமி அண்ணன் வால்வுக் குழிக்குப் பக்கத்தில் நின்று போனில் வால்வு எண்ணை அழுத்துகிறார். அரை மணி நேரத்தில் தண்ணீர் வரும் என்று அந்தத் தெருவுக்கு மட்டும் அழைப்பு போகிறது. வடக்கேயிருந்து வந்தவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு இந்தியில் போகிறது. இந்தியில் பேசுகிற ஆளுக்கு எப்போதும் சளி பிடித்திருக்கிறது என்று அந்தப் பெண்கள் சிரிக்கிறார்கள். அது உங்கள் குரல் என்று நான் சொல்லவில்லை.

எழுத வந்த விஷயம் இதுதான். ஏப்ரலிலிருந்து வரி, பிறப்பு இறப்புப் பதிவு, தொழில் உரிமம் எல்லாம் இப்போது நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனியின் மென்பொருளுக்குப் போகிறது. அதில் நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீரை மட்டும் அதோடு சேர்ப்பதா, நம்முடையதையே வைத்துக்கொள்வதா என்று 28 மார்ச் மன்றக் கூட்டத்தில் முடிவாகும். செயல் அலுவலர் விஜயகுமாரி மேடத்துக்கு நம்முடையதை வைத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் போன வாரம் என்னைக் கூப்பிட்டார்.

“ஏன் கண்ணு, இந்தப் புரோகிராம் யாருதுன்னு மேல இருந்து கேக்கறாங்க. கம்பெனிக்காரங்ககிட்ட லைசன்ஸ் இருக்குது. நம்மகிட்ட என்ன இருக்குது?”

கட்டற்ற மென்பொருள், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், படிக்கலாம், மாற்றலாம் என்று நீங்கள் சொல்லித்தந்ததை அப்படியே சொன்னேன்.

“அது எங்க எழுதியிருக்குது?” என்றார்.

இணையத்தில் நீங்கள் ஏற்றி வைத்ததைத் திறந்து பார்த்தேன். உரிமம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வரி. ‘உரிமை:’ என்று இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. விசாரித்துப் பார்த்தேன். அப்படி விட்டால் சட்டப்படி அது எழுதியவருக்கு மட்டும்தான் சொந்தமாம். மற்றவர்கள் பார்க்கலாம், தொடக்கூடாதாம். கம்பெனிக்காரர்கள் பூட்டுகிறார்கள் என்று அத்தனை பேசிய நாம், நம்முடையதைச் சாவியே இல்லாமல் பூட்டி வைத்திருக்கிறோம்.

எந்த உரிமம் என்று நாம் முடிவு செய்திருந்தோம்? எனக்கு நினைவில்லை. அதை மட்டும் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
அன்புசெல்வி
கணினி இயக்குபவர் (தற்காலிகம்)


பெங்களூரு
16 பிப்ரவரி 2025

செல்விக்கு,

படிச்சேங்க. எழுத்து நடையில எழுதினா எனக்கு லீவ் லெட்டராட்ட வருது, அதனால பேசற மாதிரியே எழுதறேன். நீங்க அந்த ‘சார்’ஐ எடுத்துட்டா நல்லாருக்கும். எடுக்க மாட்டீங்கன்னு தெரியும்.

எந்த உரிமம்னு நாம முடிவு பண்ணவே இல்லீங்க. புரோகிராம் முடிஞ்ச அன்னைக்கு பஸ் ஸ்டாண்டு பேக்கரியில தேங்காய் பன் வாங்கிட்டு வந்தேன், ஞாபகம் இருக்குதா? உரிமை வரியில ரெண்டு பேர் பேரையும் போடலாம்னு சொன்னேன். என் பேரு வேண்டாங்க, எழுதினது நீங்கதானேன்னு சொன்னீங்க. வால்வுக்கு எண் குடுக்கலாம்னு சொன்னது நீங்க, தெருத்தெருவாப் போய் நம்பர் வாங்கினது நீங்க. உங்க பேரு இல்லாட்டி என் பேரும் வேண்டாம்னுட்டேன். நாளைக்குப் பாத்துக்கலாம்னு பன் தின்னோம். அந்த நாளைக்கு வரவே இல்லை.

அடுத்த வாரமே கம்பெனி ஆளுங்க வந்து, ‘சுரேந்தர் எங்ககிட்ட சேரப்போறார்’னு உங்ககிட்ட சொல்லிட்டாங்க. நானே சொல்லோணும்னுதான் அன்னைக்கு வந்தேன். நீங்க விடலை. அத்தனை பேர் முன்னாடி கேட்டீங்க: ‘நீங்க ஒரு நாளாவது குடத்தோட நின்னிருக்கீங்களா?’

நின்னதில்லீங்க. எங்க ஊட்டுல போர்வெல் இருக்குது. போர் இருக்கற ஊட்டுல பொறந்தது என் தப்பா?

இன்னொண்ணும் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இங்க யாரும் ராட்சசன் இல்லை. எதிர் சீட்டுல உக்காந்து தயிர்சாதம் சாப்பிடற மனுசங்கதான். எத்தனையோ ஊரு வரிக் கணக்கு ஒழுங்கா நடக்குது. ஏதாச்சும் நின்னுபோனா போன் எடுக்க ஆள் இருக்குது. நம்மளுது நின்னுபோனா? நாளைக்கு நீங்க வேற வேலைக்குப் போயிட்டா அதை யாரு பாப்பாங்க?

தண்ணியையும் அவங்களே பாத்துக்கட்டும்ங்க. உங்களுக்கும் ஒரு சுமை கொறையும்.

சுரேந்தர்


பல்லடம் வட்டம்
2 மார்ச் 2025

சுரேந்தர் சாருக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத நினைத்தேன். அதற்குள் உங்கள் கம்பெனியின் தண்ணீர்ப் பகுதியை ஒரு வாரம் சோதனை ஓட்டம் பார்க்கும்படி சொல்லிவிட்டார்கள். நம்முடையதை நிறுத்தி வைத்தோம். என்ன நடந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

மேற்கு வீதியில் சாவிக்கொத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். அங்கே எல்லோருமே பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது, எல்லோருக்கும் பெர்மிஷன் கிடைக்காது. அதனால் முறை வைத்திருக்கிறார்கள். தண்ணீர் என்று தெரிந்ததும் அந்த முறைக்காரப் பெண் ஒருத்தி மட்டும் மிஷினை விட்டு எழுந்து, எல்லா வீட்டுச் சாவியையும் வாங்கிக்கொண்டு போவாள். வீடு வீடாகத் திறந்து குடங்களை எடுத்து வாசல் குழாயில் நிரப்பி வைத்துவிட்டுத் திரும்புவாள். அம்மா முறை வரும் நாளில் இடுப்பில் செருகிய கொத்து தெருமுனையிலேயே கேட்கும்.

உங்கள் கம்பெனியின் மென்பொருள் காலண்டர் பார்த்து நடக்கிறது. மேற்கு வீதிக்குப் புதன்கிழமை என்று ஒரு கட்டத்தில் போட்டால்தான் அடுத்த பக்கத்துக்கே போகிறது. நமக்குத் தண்ணீர் கிழமை பார்த்தா வருகிறது? மேலே இருந்து குழாயில் விட்டால் உண்டு. எப்படியோ ஒரு கிழமையைப் போட்டோம். புதன்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும் முன்பே எல்லோருக்கும் குறுஞ்செய்தி போனது. அரசாங்கத்திலிருந்தே பெயர் போட்டு வந்திருக்கிறதே என்று முறைக்காரப் பெண்ணோடு மற்றவர்களும் பெர்மிஷன் போட்டு வந்துவிட்டார்கள். குழாயில் காற்றுதான் வந்தது.

ஆறுச்சாமி அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் வால்வு திறக்கிற கம்பியைத் தரையில் ஊன்றிக்கொண்டு, “என்னைய ஏனுங்க கேக்கறீங்க? பெங்களூர்ல இருந்து தொறந்து உடுவாங்க, நில்லுங்க” என்றார். யாரோ, “அப்ப நீ எதுக்குக் கம்பியோட நிக்கற, ஊட்டுக்குப் போ” என்றார்கள்.

மறுநாள் தண்ணீர் வந்தது. செய்தி போகவில்லை, அது வியாழக்கிழமை. பூட்டிய வீடுகளுக்கு முன்னால் குழாய்கள் திறந்து கிடந்து எல்லாம் சாக்கடைக்குப் போனது. அதையும் நான் பார்த்தேன்.

அம்மா புதன்கிழமை காலிக் குடத்தை உள்ளே கவிழ்த்து வைத்துவிட்டுக் கம்பெனிக்குத் திரும்பிப் போனார். உங்கள் அப்பா கம்பெனிதான். பனியனில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் அவர் இடத்தில் வேறு ஆளை உட்கார வைத்திருந்தார்கள். அரை நாள் சம்பளம் போயிற்று. சாயங்காலம் கேட்டார்: “இதுக்கெல்லாம் உங்க ஆபீசுல யாரைக் கேக்கறது கண்ணு?”

இதற்கு முன்பு யாராவது இப்படிக் கேட்டால், என்னைத்தான் என்று சொல்லியிருப்பேன். 

இந்த முறை பெங்களூருக் கம்பெனிக்கு எழுதினோம். ஒரு புகார் எண் கொடுத்தார்கள். புதிய வசதிக்கான கோரிக்கையாகக் குறித்துக்கொண்டோம் என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. நமக்கு மட்டும் மாற்ற முடியாதாம், மாற்றினால் எல்லா ஊருக்கும் மாற்ற வேண்டுமாம். நாம் கொடுத்த தெருவாரியான போன் எண்களைப் பிழை திருத்துவதற்காகத் திரும்பக் கேட்டோம். தாளில் அச்செடுத்துக்கொள்ளலாம், கோப்பாகத் தர முடியாது என்கிறார்கள். அவை நான் தெருத்தெருவாகப் போய் வாங்கிய எண்கள் என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள்.

நான் வேறு வேலைக்குப் போய்விட்டால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டீர்கள். வேறு ஒருத்தி வந்து அதைத் திறந்து படித்துப் பார்ப்பாள், புரிகிற வரைக்கும் படிப்பாள். அதற்குத்தானே திறந்து வைத்தோம்?

சோதனை வாரம் முடிந்து நம்முடையதைத் திரும்ப ஓட விட்டிருக்கிறோம். இப்போது அது பனியன் கம்பெனி கேட்டுகளிலும் அடிக்கிறது. மற்றபடி ஒன்றும் விசேஷமில்லை.

அன்புசெல்வி


பெங்களூரு
8 மார்ச் 2025

செல்விக்கு,

அந்தக் காலண்டரை எழுதினது என் டீம்.

தண்ணி அப்படி வராதுன்னு சேர்ந்த முதல் வாரமே சொன்னேன். ஆத்தோரத்துல இருக்கற ஏதோ பெரிய நகரத்துக்காகப் போட்ட டிசைன்ங்க அது. அந்த ஊர்ல டாண்ணு வருதாம். ஒரே மென்பொருள், எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி, அதனாலதான் விலை கட்டுப்படியாகுதுன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் பேசலை. உங்க அம்மா காலிக் குடத்தோட போனதைப் படிச்சதும் ரெண்டு நாள் வேலையே ஓடலை. மன்னிப்புக் கேட்டா அது கண்ணுக்கு நல்லாருக்கும், கொடத்துக்கு ஒண்ணும் ஆகாது. அதனால கேக்கலை.

ஒண்ணு கேக்கோணும். கேட்டுல அடிக்குதுன்னு சாதாரணமா எழுதியிருக்கீங்க. நான் எழுதினதுல கேட்டும் இல்லை, கதவும் இல்லை. யாருங்க மாத்துனது?

அடுத்தது முக்கியமான விஷயம். 31ஆம் தேதியோட எனக்கு இங்க ஆறு மாசம் முடியுது. வேலையை உறுதி பண்றதுக்கு ஒரு ஒப்பந்தம். நான் எழுதறது எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்னு கையெழுத்துப் போடோணும். இதுக்கு முன்னாடி எழுதினது ஏதாச்சும் இருந்தா தனியாச் சொல்லச் சொல்றாங்க. சொல்லாம விட்டா, பேரும் போடாம உரிமமும் போடாம கிடக்கற நம்ம புரோகிராம் அப்புறம் யாருதுன்னு வக்கீலுக்குத்தான் வெளிச்சம். சொன்னா, அவங்க விக்க வந்த ஊர்ல எதிர்த்து நிக்கறது என்னுதுன்னு தெரிஞ்சுபோகும். உறுதி பண்ணுவாங்களாங்கறது சந்தேகம்.

கையெழுத்துக்கு முன்னாடி உரிமம் போட்டு வெளியிட்டுட்டா அப்புறம் யாரும் திரும்பப் பூட்ட முடியாது. ஆனா ஒண்ணு யோசிங்க. எல்லாருக்கும்னா கம்பெனிக்கும்தான். அந்த வால்வு எண் அழுத்தற யோசனை மேல இவங்களுக்கு இப்பவே கண்ணு. எடுத்துட்டுப் போய் உள்ள வெச்சுக்கட்டும்னு உங்களுக்கு மனசு வருமா?

நீங்க சொல்றபடி.

சுரேந்தர்


பல்லடம் வட்டம்
15 மார்ச் 2025

சுரேந்தருக்கு,

‘சார்’ஐ எடுத்துவிட்டேன். எழுதி முடித்த பிறகு திரும்பச் சேர்த்து, திரும்ப எடுத்தேன்.

மாற்றியது நான்தான். சொல்லக்கூடாது என்று இல்லை. தப்பாக இருக்கும் என்று பயம்.

பனியன் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டில் செக்யூரிட்டி அறையில் ஒரு மரப்பெட்டி, எல்லோருடைய போனும் அதில்தான். நாம் அனுப்பிய அழைப்பெல்லாம் அந்தப் பெட்டிக்குள் கிடந்து அடித்திருக்கிறது. நமக்கு அது தோன்றவே இல்லை. வீட்டில் யாராவது இருந்து ஓடிப்போய்ச் சொன்னால்தான் முறைக்காரப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மா ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அதன் பிறகுதான் உங்கள் புரோகிராமைத் திறந்து முதல் வரியிலிருந்து படித்தேன். ஜனவரி முழுவதும் படித்தேன்.

உங்கள் குறிப்புகள் இல்லையென்றால் எனக்குப் புரிந்திருக்காது. ‘ஆறுச்சாமி அண்ணன் அவசரத்தில் எண்ணை இரண்டு தடவை அழுத்துவார், திரும்பக் கேட்கவும்’ என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இன்னோரிடத்தில், ‘இது ஏன் வேலை செய்கிறது என்று தெரியவில்லை. செல்வி சொன்னார், செய்தேன்.’ அந்த இடத்தில் மட்டும் படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது எந்தத் தெருப் பெண்கள் எந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியும். தெருவுக்கு அடிக்கும்போதே அந்தக் கம்பெனி கேட்டுக்கும் அடிக்கிறது. செக்யூரிட்டி மைக்கில் சொல்கிறார். முதலில் எழுதியது ஒரே கேட்டுக்கு இடைவிடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவைதான் சரியானது.

அதற்கு முன்பு அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அதிகம் பேர் போவது உங்கள் அப்பா கம்பெனிக்குத்தான். சின்ன வயதில் அந்த கேட்டுக்கு வெளியே அம்மாவுக்காக எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன். ஆபீஸ் அறைக்குள் போனது இதுதான் முதல் தடவை.

யார் பிள்ளை என்று உங்கள் அப்பா கேட்டார். செக்கிங் வேலாத்தாள் பொண்ணுங்க என்றேன். உட்காரச் சொன்னார். நாற்காலி இருந்தது, நான் நின்றுகொண்டே இருந்தேன். பேச்சு முடிவதற்குள் இரண்டாவது தடவையும் சொன்னார். உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கியது நான்தானா என்று கேட்டார். ஆமாங்க என்றேன். பிறகு, “இது எங்க பையன் எழுதுனதாமே?” என்றார்.

“பாதி அவருங்க.”

“மீதி?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே, “மைக்குல சொல்லச் சொல்றேன். ஆனா தெருவுக்கு ஒரு ஆள்தான் எந்திரிக்கோணும், சொல்லிப்போட்டேன்” என்றார். அதுதான் எங்கள் வழக்கமே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பெங்களூருக் கம்பெனியும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். எடுத்துக்கொள்ளட்டும். எங்கோ ஒரு ஊரில் இன்னொரு பெண் காலிக் குடத்தோடு திரும்பாமல் இருந்தால் அந்தப் புரோகிராம் யார் பெட்டியில் இருந்தால் என்ன? ஆனால் எடுத்து மாற்றி விற்கிறவர்கள், மாற்றியதையும் இதே மாதிரி திறந்து வைக்க வேண்டும். அப்படி ஒரு உரிமம் இருக்கிறது என்று நீங்கள் முன்பு சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

வெளியிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் வேலை அதில் இருக்கிறது. நான் தற்காலிகம், எனக்கு இழக்க ஒன்றுமில்லை. இரண்டும் ஒன்றாகாது.

மாற்றியவற்றை இதோடு அனுப்பியிருக்கிறேன். தப்பு இருந்தால் சிரிக்காதீர்கள்.

அன்புசெல்வி


பெங்களூரு
22 மார்ச் 2025

செல்விக்கு,

எங்க மேனேஜரம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேங்க.

கோவிச்சுக்குவாங்கன்னு நெனச்சேன். நம்ம புரோகிராமைத் திறந்து காட்டச் சொன்னாங்க. தமிழ் தெரியாது, நடுவுல இருக்கற குறிப்பெல்லாம் என்னன்னு கேட்டாங்க. ஆறுச்சாமி அண்ணனைப் பத்திச் சொன்னேன். கேட்டைப் பத்திச் சொன்னேன். அவங்க அம்மாவும் எங்கயோ ஒரு மில்லுக்குப் போனவங்களாம். ‘முன்னாடி எழுதினதுன்னு சொல்லிரு, மறைக்காதே’ன்னாங்க. ஆனா முடிவு அவங்க கையில இல்லை. என்னை உறுதி பண்றதைத் தள்ளி வெச்சிருக்காங்க. எதுவரைக்கும்னு யாரும் சொல்லலை. இதை ஒரு தியாகமாட்ட எடுத்துக்காதீங்க. அஞ்சாறு மாசத்துக்கு அப்புறம் இப்பத்தான் சோறு ருசிக்குது.

நீங்க எழுதினதைப் படிச்சேன். வரிக்கு வரி. சிரிக்கலை. ஒரே ஒரு இடத்துல சின்னத் தப்பு இருக்குது, திருத்தாம வெச்சிருக்கேன். இனிமே சண்டை போட ஒண்ணு வேணுமில்லீங்களா.

26ஆம் தேதி காலையில வெளியிடறேன். கூட்டத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி. நீங்க சொன்ன அதே உரிமம்தான்.

பேரு விஷயத்துல பயப்படாதீங்க. உரிமை வரியில என் பேரை மட்டும் போட்டுக்கறேன். நீங்க எழுதின பகுதிக்குக் கீழே ‘உதவி: பேரூராட்சி ஊழியர் ஒருவர்’னு ஒரு வரி சேர்க்கறேன். உங்க விருப்பம் அதுதானேங்க? எங்கப்பா நேத்து போன்ல கேட்டாரு, மீதி யாரு எழுதுனதுன்னு. நீங்களே சொல்லாதப்ப நான் எப்படிச் சொல்றதுன்னு பேச்சை மாத்திட்டேன்.

வேற ஏதாச்சும் மாத்தோணும்னா 26ஆம் தேதிக்கு முன்னாடி எழுதுங்க.

சுரேந்தர்


பல்லடம் வட்டம்
25 மார்ச் 2025

சுரேந்தர்,

மேடத்திடம் சொல்லிவிட்டேன். “இனி யாருதுன்னு கேட்டா தைரியமாச் சொல்லலாம்” என்றார். மன்றத்தில் என்ன முடிவாகும் என்று தெரியாது. கம்பெனிப் பக்கம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மேற்கு வீதிப் பெண்கள் அன்றைக்கு வந்து வாசலில் நிற்கப் போகிறார்களாம். எல்லோருக்கும் பெர்மிஷன் கிடைக்காதே என்றேன். “மொறை போட்டாச்சு கண்ணு, சாவிக்கொத்தோட ரெண்டு பேரு வருவோம்” என்றார் அம்மா. மடத்துக்குளம் பக்கத்துப் பேரூராட்சியில் என்னைப் போலவே வேலை பார்க்கும் ஒரு பெண் போன் செய்தாள். உரிமம் போட்டதும் அவளுக்கும் அனுப்பச் சொன்னாள். அவர்களுக்கும் தண்ணீர் கிழமை பார்த்து வருவதில்லையாம்.

ஆறுச்சாமி அண்ணன் தன் பெயர் உள்ளே இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, எண்ணை இரண்டு தடவை அழுத்துகிறவர் என்று இருக்கிறது என்றேன். இப்போதெல்லாம் ஒரு தடவைதான் அழுத்துகிறாராம், திருத்தச் சொல்கிறார்.

உங்கள் வேலையைப் பற்றி நீங்கள் சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். நான் சிரிக்கவில்லை. பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் சொல்லக்கூடாது என்று இருந்தேன்.

இன்னொன்று. இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

‘ஊழியர் ஒருவர்’ என்று படித்தபோது, நான் கேட்டதுதானே கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் அன்றைக்கு முழுவதும் அந்த ஒருவர் என்னோடேயே நடந்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்த பனியன்களில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்தேன். பனியனின் கழுத்தைத் திருப்பினால் உள்ளே வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர். எவ்வளவு பனியனைத் தொட்டிருப்பாய், எதிலாவது உன் பெயர் வந்திருக்கிறதா அம்மா என்று கேட்டேன். கத்தரியை நிறுத்தாமலே சொன்னார்: “சம்பளச் சீட்டுல வருது கண்ணு.”

அந்தச் சீட்டை நான் நிறையத் தடவை பார்த்திருக்கிறேன். மேலே உங்கள் வீட்டுக் கம்பெனியின் பெயர் பெரிதாக. கீழே வேலாத்தாள். நம் ஊரில் உங்கள் வீட்டுப் பெயரும் எங்கள் வீட்டுப் பெயரும் ஒரே தாளில் வந்தது அந்த ஒரு சீட்டில் மட்டும்தான்.

அன்றைக்குப் பேக்கரிப் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு என் பெயர் வேண்டாம் என்று சொன்னதற்கு, எழுதியது நீங்கள் என்பது காரணமில்லை. உங்கள் பெயரும் என் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நம் ஊர்க்காரர்கள் புரோகிராமைப் படிக்க மாட்டார்கள், அந்த வரியைத்தான் படிப்பார்கள். உங்கள் வீட்டிலும் படிப்பார்கள். எங்கள் தெருவிலும் படிப்பார்கள். படித்துவிட்டு என்னென்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் உங்கள் அப்பா “மீதி?” என்று கேட்டபோது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

நாளைக் காலை வெளியிடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன். அந்த ‘உதவி’ வரியை எடுத்துவிடுங்கள். உரிமை வரியில் என் பெயரையும் போடுங்கள். கீழே வேண்டாம். அகர வரிசைப்படி என் பெயர்தான் முதலில் வரும், அது உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் இரண்டாவதாக வரட்டும். ஆனால் உங்கள் பெயருக்குப் பக்கத்தில், அதே வரியில்.

அன்புசெல்வி